மடவளையில் நான் வெட்டிய எட்டுச் செக்கன்

கண்டிக்குப் போய்வந்தவர்கள் ஏரியைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப்போவது என் வெட்கக்கேட்டை. தொழிற்கூடங்களில் வேலை எங்கே தேங்குகிறது என்று பார்த்து, எல்லோரும் ஒரே விதமாகச் செய்ய முறை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அப்படி எழுதிக் கொடுத்த மடவளை மிளகாய்த்தூள் கூடத்துக்குக் கடந்த செவ்வாய்க்கிழமை மறுபடி போக நேர்ந்தது.

கொழும்பு கோட்டையில் காலை 5.55 ரயில். கண்டியிலிருந்து மடவளைக்குப் பஸ் எழுபது ரூபாய், ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே ஊர்ந்தபோது எல்லோரும் முன்னால் நின்ற வாகனத்தையே ஏசினார்கள். போன மாதம் கூடத்தில் நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

அந்த முதல் பயணத்தில் நான் பார்த்தது, தூளை நிறுப்பவர், பைக்கட்டின் வாயை ஒட்டுபவர், அடுக்குபவர் என மூன்று மேசைகள். ஒட்டும் ஸ்டெல்லா அக்காவின் முன்னால்தான் வேலை குவிந்தது. கடிகாரம் பிடித்துப் பார்த்தேன். பைக்கட்டுக்கு இருபது செக்கன். அதில் எட்டு, உள்வாயைத் துணியால் துடைக்க. வீண் என்று வெட்டி, பன்னிரண்டு செக்கன் முறையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

“தூள் இருந்தா வாய் பிடிக்காது சார்,” என்றார் அக்கா.

“தாள்ல உள்ளத மட்டும் செய்யுங்க.”

மூன்றே வாரத்தில் வாய் பிளந்த பைக்கட்டுகள் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பின. முதலாளி ஹாஜியார் தொலைபேசியில் கேட்டபோது, “அவங்க தாள்படி செஞ்சிருக்க மாட்டாங்க” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக அவர் சொன்னதும், தூளைப் பற்றி அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் செய்து பார்க்கத்தான் இந்தப் பயணம்.

போனதும் அக்காவின் கதிரையில் உட்கார்ந்து, துடைக்காமல் பத்து ஒட்டினேன். அழுத்தியதும் நான்கு பிளந்தன. துடைத்து ஒட்டிய பத்தும் நின்றன. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“பிழை தாள்ல ஹாஜியார். எழுதினது நான்.”

“அப்ப அந்தப் புள்ளய நான் சும்மா ஏசிட்டேனே,” என்றார் ஹாஜியார். நிறுத்தும் பேச்சு அதோடு போயிற்று.

“நிறுக்கிறவங்க கை சும்மா இருக்கிற நேரம் அவங்களே தொடச்சு அனுப்பலாமே சார்,” என்றார் அக்கா. புதிய தாளில் அதையே எழுதினேன்.

போக இருப்பவர்களுக்கு: பள்ளி விடும் நேரத்தில் பஸ் நகராது; பகல் ஒரு மணிக்கு முன் திரும்புங்கள். என்னைப்போல் தாள் எழுதப் போகிறவர்கள், கடிகாரத்தை எடுக்குமுன் அந்தக் கதிரையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

புறப்படும்போது அக்கா வாசல்வரை வந்தார்.

“நீங்க வந்து சொல்லலைன்னா என் வேல போயிருக்கும் சார். ரொம்ப நன்றி.”

தொலைபேசியில் நான் சொன்னது அவருக்குத் தெரியாது. ஹாஜியாரும் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன்.

“பரவாயில்ல அக்கா,” என்றுவிட்டு பஸ் ஏறினேன்.