கூட்டை விட்டுப் பறந்தவை

அக்காவை நினைத்தால் அவள் ஒரு மர ஸ்டூலின் மேல் நிற்பதுதான் முதலில் தெரிகிறது. தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்பக்கச் சன்ஷேடுக்கு அடியில் ஒரு குளவிக்கூடு தொங்கியது. காகிதத்தை மென்று கட்டியது போன்ற சாம்பல் நிறக் கூடு. வெயில் ஏறுவதற்கு முன், குளவிகள் சோம்பிக் கிடக்கும் நேரத்தில், ஈர்க்குச்சி முனையில் பெயிண்டைத் தொட்டு அவற்றின் முதுகில் அடையாளத்துக்காக ஒவ்வொன்றாகப் புள்ளி வைப்பாள். கொட்டு வாங்கினால் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மறுபடி ஏறுவாள்.

அக்கா கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். எழுபதுகளின் நடுப்பகுதியில் அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. அப்பா இறந்தபின் என்னையும் தம்பியையும் படிக்கவைத்தது அவள்தான். நான் அப்போதுதான் துறைமுகத்துக்கருகே ஒரு கப்பல் ஏஜென்சியில் தட்டச்சராகச் சேர்ந்திருந்தேன். தம்பி பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தான்.

ஒரு குளவிக்கூட்டில் ராணி ஒருத்திதான் முட்டையிடுவாள். மற்றவை இரை தேடும், கூடு கட்டும், அவள் பிள்ளைகளுக்கு ஊட்டும். தானே முட்டையிடக்கூடிய உயிர் ஏன் இன்னொன்றின் பிள்ளையை வளர்த்துச் சாகவேண்டும்? இதுதான் அக்காவின் கேள்வி. குளவிகளில் ஆண், கருவுறாத முட்டையிலிருந்து தகப்பனில்லாமல் பிறக்கிறது. அவனிடம் இருப்பது ஒரே பங்குதான், அது அவன் மகள்கள் எல்லாருக்கும் அப்படியே போகிறது. அதனால் ஒரே தாய்தகப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கைகளுக்குள், தாய்க்கும் மகளுக்கும் உள்ளதைவிட ரத்த நெருக்கம் அதிகம். தங்கையை வளர்ப்பது மகளைப் பெறுவதைவிட லாபம் என்று அறிஞர்கள் கணக்குச் சொன்னார்கள். அக்காவுக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது, ஆனால் முழுக்க நம்பவில்லை. ராணி பல ஆண்களோடு சேர்ந்தால் நெருக்கம் குறைந்துவிடுமே, அப்போதும் மற்றவை ஏன் கூட்டிலேயே இருக்கின்றன என்று அரிசி களைந்தபடியே கேட்பாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரிப்பேன்.

பெங்களூரில் முழுநேரமாக ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைத்தது. சேதி தெரிந்த ஞாயிற்றுக்கிழமையே உடன்குடியிலிருந்து மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, கருப்பட்டி வியாபாரி. எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவரைக் கேட்காமல் எடுத்ததில்லை.

"தங்கச்சி கல்யாணம் முடியல, தம்பி படிப்பு முடியல. நீ பாட்டுக்குப் போறேங்கியே, ஏளா" என்றார். பிறகு சன்ஷேடைக் கை காட்டினார். "ஒரு பூச்சி தன் கூடப்பொறந்ததுக்காக உசுரக் குடுக்குதுன்னு நீதான சொன்ன? அதுக்கு இருக்க பாசம் ஒனக்கு இல்லையா?"

அம்மா சுவரோரம் தலை குனிந்திருந்தாள். அக்கா போகாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் என் மனதிலும் இருந்தது.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "சொன்னேன் மாமா. அதே கூட்டுலருந்து செலது பறந்துபோயித் தனியா கூடு கட்டுதுன்னும் சொன்னேன். அத நீங்க கேக்கல."

"அப்போ நீ போறது சரின்னு குளவி சொல்லுதோ?"

"குளவி ஒண்ணும் சொல்லல மாமா. அதுக்கு யோசனை கெடையாது. நான் யோசிச்சுத்தான் இத்தன வருசம் இருந்தேன். யோசிச்சுத்தான் இப்பம் போறேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரம் அக்கா ரயிலேறினாள். அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

எனக்கும் கோபம் இருந்தது. காலையில் உலை வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடும்போதெல்லாம் அவளை மனதுக்குள் திட்டினேன். ஆனால் வீடு கவிழ்ந்துவிடவில்லை. நான் பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொள்ள முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் மாமா கந்தலில் மண்ணெண்ணெய் நனைத்துக் குளவிக்கூட்டைக் கொளுத்தப் போனார். "அது என்ன பாவம் செஞ்சுது?" என்று அம்மாதான் தடுத்தாள். அக்காவைப் பற்றி மட்டும் அவள் பேச்செடுக்கவில்லை.

அக்கா ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினாள், கடைசிவரை குளவிகளோடேயே இருந்தாள். தம்பி வேலைக்குப் போனான். எனக்கும் தாமதமாகக் கல்யாணம் ஆனது. இன்று எந்தக் குளவி எதற்குப் பிறந்தது என்பதை மரபணுவைப் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்குக் கண்ணும் பெயிண்டும்தான்.

அதற்கெல்லாம் முன்பு, அக்கா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆனபோது அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. சேதி வந்ததும் அம்மா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றினாள். "டிக்கெட் எடு" என்றாள். நாங்கள் பெங்களூருக்குப் போனபோது அக்கா எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாள். சன்னலுக்கு வெளியே ஒரு கூடு. பார்க்காமல் விட்ட நாட்களை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு கூட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏளா, மஞ்சப்புள்ளிக்காரி வாய்ல என்னமோ கொண்டு வாரா. நீலப்புள்ளி பாதியப் புடுங்கிக்கிட்டா."

உள்ளிருந்து அக்கா, "யாருக்குக் குடுக்கான்னு பாரும்மா" என்றாள்.

"உள்ள கெடக்க குஞ்சுக்குத்தான் குடுக்கா. இரு, ஒருத்தி ஓரத்துலயே நின்னா... பறந்துட்டா."

"திரும்பி வாராளாம்மா?"

அம்மா முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்து, வெயிலுக்குள் பார்த்தாள்.

"வந்தா வாரா, வராட்டி அங்கன நல்லா இருக்கட்டும். நீ மொதல்ல கஞ்சியக் குடி."