நக்கினாலும் ஒன்றும் ஆகாத பெயிண்ட்

முதலில் ஒரு விடுகதை. மாடு கொடுத்தது, ஆனால் குடிக்க முடியாது. சுண்ணாம்பு சேர்ந்தது, ஆனால் வெற்றிலையில் தடவ முடியாது. காலையில் கரைத்தால் மறுநாள் கெட்டுப்போகும். மரத்தில் பூசிவிட்டால் பேரன் காலம்வரை இருக்கும். அது என்ன?

பால் பெயிண்ட். பாலைத் திரியவைத்து, நீரை வடித்து, மிஞ்சும் கட்டியோடு நீற்றிய சுண்ணாம்பும் நிறப்பொடியும் சேர்த்து அரைத்தால் கிடைப்பது. கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் என்கிற பழைய யூதர் தெருவுக்குப் பின்னால், ஒரு மிளகு கோடவுனில் பாதியை வாடகைக்கு எடுத்து ஒன்பது வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். பழைய மேசை நாற்காலிகளைச் சுரண்டி, தேய்த்து, பால் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது. யாரோ பூசியதன்மேல் வேறு யாரோ பூசிய பெயிண்டைச் சுரண்டி நகம் தேய்ந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது. மற்றவர்கள், சுரண்டத் தொடங்குமுன் படித்துவிடுங்கள்.

நக்கிக் காட்டும் பலகை

வாடிக்கையாளர்கள் கேட்பது மூன்றே கேள்விகள். பால் நாற்றம் அடிக்காதா? எறும்பு வராதா? வீட்டில் குழந்தை இருக்கிறதே, பரவாயில்லையா? முதல் இரண்டுக்கும் வாயால் பதில் சொல்வேன். மூன்றாவதற்கு ஒரு பலகை வைத்திருந்தேன். நீலம் பூசிக் காய்ந்த பலகை. அதை எடுத்து அவர்கள் கண்ணெதிரே நக்கிக் காட்டுவேன். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு நாக்கைச் சுடும். காய்ந்தபின் ஒன்றும் செய்யாது. "பார்த்தீர்களா, நக்கினாலும் ஒன்றும் ஆகாது" என்பேன். அதற்குப்பிறகு யாரும் வேறு கடை தேடிப் போனதில்லை.

போன மழைக்காலத் தொடக்கத்தில் சுபா வந்தாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், அவள் தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்தவர்கள். கணவர் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஆறு வயது மகள் மீனுவின் அறைக்காக ஜூ டவுனில் ஒரு பழைய அலமாரி வாங்கியிருந்தாள். நான்கு இழுப்பறைகள், மேலே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, உடம்பெல்லாம் செதில் செதிலாக உரியும் பச்சைப் பெயிண்ட். நான் வழக்கம்போலப் பலகையை நக்கினேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மீனு அதை மிகக் கவனமாகப் பார்த்தாள். சுபா சிரித்துவிட்டாள்.

"போதும் சேச்சி, பலகையைத் தின்னுடாதீங்கோ. நாளைக்கே வாங்கோ."

இறங்காத அலமாரி

சாமானைக் கோடவுனுக்குக் கொண்டுவந்து வேலை செய்வதுதான் என் வழக்கம். சுபாவின் வீட்டில் அது நடக்கவில்லை. பழைய மட்டாஞ்சேரி வீடு. மாடிப்படி மரத்தாலானது, ஏணியைவிடக் கொஞ்சம் அகலம். அலமாரியைக் கயிறு கட்டி, ஜன்னல் வழியாக மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். அடுத்த வாரமே குழந்தை எட்டிப் பார்க்கிறாள் என்று அந்த ஜன்னலுக்குக் கம்பி போட்டுவிட்டார்கள்.

ஏற்றிய சுமட்டுக்காரர்களையே, அந்தச் சுமைதூக்கிகளையே, மறுபடி கூப்பிட்டோம். மூன்று பேர் வந்து படியைப் பார்த்தார்கள், கம்பியைப் பார்த்தார்கள், அலமாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்கள். மூத்தவர் தலையில் கட்டிய தோர்த்துத் துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டார்.

"சேச்சி, இனி இது இறங்கணும்னா வீடு கூட இறங்கணும். சாயா உண்டோ?"

பச்சைப் பொடி

ஆக, மாடியிலேயே வேலை, குழந்தையின் அறையிலேயே. பழைய எண்ணெய்ப் பெயிண்டின்மேல் பால் பெயிண்ட் பிடிக்காது. கொச்சி மழையில் ஒரே மாதத்தில் அப்பளம்போல் பெயர்ந்து வரும். மரம் தெரியும்வரை தேய்த்தே ஆகவேண்டும். மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு சாண்டிங் மெஷினைப் போட்டேன். வெளியே விடாத மழை. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம். அரைமணி நேரத்தில் தரை, கட்டில், பள்ளிக்கூடப் பை எல்லாவற்றின்மேலும் மெல்லிய பச்சைப் பொடி.

சுபா கதவருகே வந்து, "மீனு இங்கே இருக்கலாமோ?" என்று கேட்டாள். மழையென்று பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கீழே அவளுக்குப் பொழுது போகவில்லை. நான் மெஷினை நிறுத்தாமலே தலையை ஆட்டினேன். பால் பெயிண்ட்தானே, பயமென்ன என்று என் மனதில் ஓடியது. அந்த அறையில் அன்றைக்குப் பால் பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட இல்லை. அடுத்த வாரம் பூசப்போவதை நினைத்துக்கொண்டு இன்றைக்குச் சுரண்டுவதற்கு நற்சான்று கொடுத்தேன். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, நீங்கள் என்றைக்காவது இப்படித் தலையாட்டியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு நாள் மீனு என்னோடு இருந்தாள். பொடியில் விரலால் பூனை வரைந்தாள், மீன் வரைந்தாள். அதே கையால் மரவள்ளிக் கப்பை வறுவல் தின்றாள். இரண்டாம் நாள் மத்தியானம், நான் பலகையில் செய்ததுபோலவே, விரலைப் பொடியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

"ஆன்ட்டி, இது இனிக்கறது."

ரஷீதிக்கா

மூன்றாம் நாள், இழுப்பறைகளைச் சரிசெய்ய ரஷீதிக்கா வந்தார். என்னோடு ஐந்து வருஷமாக வேலை செய்யும் ஆசாரி; எனக்கு அவர் இக்கா, அண்ணன் மாதிரி. இளவயதில் வெலிங்டன் தீவுப் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தவர். என்னோடு அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம். பால் பெயிண்டைப் பற்றி அவருக்குப் பெரிய மதிப்பில்லை. "பாலைக் குடிக்காம மேசைக்கு ஊத்தறவ" என்று என்னை அறிமுகப்படுத்துவார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், பால்காரி என்பார்.

அறைக்குள் வந்தவர் உளியைக் கீழே வைக்கவில்லை. ஜன்னல் கட்டையிலிருந்த பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். சுவரோரமாகக் கிடந்த ஒரு தடித்த செதிலை உடைத்து அதன் விளிம்பைப் பார்த்தார். பிறகு மீனுவைப் பார்த்து, "மோளே, கீழே போய் அம்மாகிட்ட கை கழுவித் தரச் சொல்லு. சோப்பு போட்டு" என்றார். அவள் படியிறங்கும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தார். கப்பலில் இப்படிப்பட்ட பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தொடவே விடமாட்டார்கள், தண்ணீர் ஊற்றித்தான் சுரண்டச் சொல்வார்கள், அதில் காரீயம் கலந்திருக்கும் என்றார். குரலை உயர்த்தவில்லை.

"பால்காரி, மேலே பூசப்போறது பால், சரி. அடியில இருந்தது என்னன்னு நோக்கினியா?"

சிவந்த குச்சி

பார்ப்பதற்கு என்னிடம் வழி இருந்தது. பழைய பெயிண்டில் தேய்த்தால், காரீயம் இருந்தால் சிவக்கும் சோதனைக் குச்சிகள். தொழில் தொடங்கியபோது வாங்கினேன். முதல் இரண்டு வருஷம் வந்த சாமான்கள் எல்லாவற்றிலும் தேய்த்துப் பார்த்தேன், எதிலும் சிவக்கவில்லை. அதற்கப்புறம் பெட்டி அலமாரித் தட்டில் பின்னால் போய்விட்டது. கோடவுனுக்கு ஓடி அதை எடுத்துவந்தேன். பழைய குச்சி, வேலை செய்யாமல் போகலாம் என்று இக்காவிடம் சொன்னேன். அப்படி நடக்கவேண்டும் என்றும் நினைத்தேன். பின்பலகையில் தேய்த்தேன். எண்ணி மூன்று தடவை. முனை வெற்றிலை போட்ட வாயைப்போல் சிவந்தது.

கீழே சுபா சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். மீனு ஈரக் கைகளோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன்: பச்சைப் பெயிண்டில் காரீயம் இருக்கிறது, பொடி குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது, குழந்தைகளுக்கு அது பெரியவர்களைவிட அதிகம் கெடுதல், மூளையைத் தொடும், ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும், தப்பு என்னுடையது. சுபா கஞ்சியை முழுக்க வடித்து முடித்தாள். பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"நக்கினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

காத்திருந்த நாட்கள்

வைட்டிலா தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சோதனை வெளியூரில்தான் நடக்குமாம். முடிவு வர நாலைந்து நாளாகும் என்றார்கள். தாயும் மகளும் சுபாவின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். சாவியை என்னிடம் கொடுக்கும்போது சுபா என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அறையைத் துடைத்தேன். பெருக்கக்கூடாது, பெருக்கினால் பொடி எழும்பும். ஈரத்துணியால் ஒரு தடவை, வேறு வாளித் தண்ணீரில் மறுதடவை. துணியைத் திரும்ப அலசாமல் பையில் கட்டிப் போட்டேன். கட்டிலின் கால், பள்ளிக்கூடப் பையின் மடிப்பு, மின்விசிறியின் மேல்புறம். ஒரு இடத்தில் மீனு பொடியில் வரைந்த பூனை அப்படியே இருந்தது. அதை இரண்டு தடவைக்குமேல் துடைத்தேன்.

சாயங்காலங்களில் சுபா போன் செய்வாள். இன்றைக்கு மீனுவுக்கு வயிறு வலிக்கிறதாம், அது அதனாலா? ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி மறந்துவிட்டதாம், அது அதனாலா? ஆறு வயதுக் குழந்தை செய்கிற எல்லாமே எங்கள் இரண்டு பேருக்கும் நோயாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் போனை மீனு வாங்கிக்கொண்டாள். குசுகுசுவென்று பேசினாள், அம்மா பக்கத்து அறைக்குப் போயிருக்க வேண்டும்.

"ஆன்ட்டி, நான் நக்கினது தப்புன்னா, நீங்க நக்கினப்போ உங்களுக்கு ஏன் ஊசி போடலை?"

டாக்டரின் கேள்வி

முடிவு வந்த அன்று சுபா என்னையும் உடன் வரச் சொன்னாள். "என்ன பெயிண்ட், எத்தனை நேரம்னு டாக்டர் கேட்டா நான் என்னாக்கும் சொல்றது? நீங்களே வந்து சொல்லுங்கோ." பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நடுவில் மீனு உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெரிந்த கப்பல்களை எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் எண்ணுவதில் தவறு வருகிறதா என்று நானும் கூடவே எண்ணினேன். தவறு வரவில்லை.

டாக்டர் நரைத்த பெண்மணி. தாளை இரண்டு தடவை படித்தார். அளவு கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் மருந்து தேவைப்படும் கட்டம் இல்லை. பொடி இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் தானாக இறங்கும். இரும்புச் சத்துள்ள சாப்பாடு, மூன்று மாதத்தில் மறுபடி சோதனை. சுபா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். அத்தனை நாளில் அவள் அழுதது அப்போதுதான். நான் எழுந்து கதவுப்பக்கம் நகர்ந்தேன். டாக்டர் பேனாவால் என்னைச் சுட்டினார்.

"குழந்தை ரெண்டு நாள் பக்கத்துல இருந்தா. நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

நான்கு நிறங்கள்

எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; மீனுவுக்கு இருந்ததைவிட நன்றாகவே அதிகம். காய்ந்த பெயிண்டைச் சுரண்டும் வேலை எனக்கு இனிமேல் கூடாது என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து மீனுவின் மறுசோதனையில் அளவு இறங்கியிருந்தது; சுபா அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். மறுநாள் காலையில் போன் வந்தது.

"நீங்க வந்து சொன்னேளே, வேற யாராவதா இருந்தா மறைச்சிருப்பா. நீங்களே வந்து முடிச்சுக் கொடுங்கோ. பொடி பறந்தா மட்டும் நான் பேசமாட்டேன், கேட்டேளா."

பொடி பறக்கவில்லை. அலமாரியைத் தாள் விரித்துத் தனி அறைக்கு நகர்த்தி, கதவை ஒட்டி மூடி, குழைவாக ஒரு பெயிண்ட் நீக்கியைத் தடவி, ஊறவைத்து, சரியான முகமூடியோடு இக்காதான் ஈரத்திலேயே வழித்தெடுத்தார். நான் வாசலுக்கு வெளியே நின்று துணி நீட்டினேன். அடியில் தேக்கு. ஒவ்வொரு மூலையிலும் புதுக் குச்சியைத் தேய்த்தேன். பதினாறு குச்சி. ஒன்றும் சிவக்கவில்லை.

நிறத்தை மீனு சொல்லட்டும் என்று சுபா சொன்னாள். ஒன்பது வருஷமாகப் பால் பெயிண்டின் பெருமையை நக்கி நக்கி விற்ற நான், அன்று காலை புதிதாக அரைத்துப் பூசிய நீலம், மஞ்சள், செங்கல், சந்தனம் என்று நான்கு பலகைகளோடு போய் நின்றேன். மீனு நான்கையும் பார்த்துவிட்டு, எதையும் தொடாமல், பெயிண்ட் வேண்டாம் என்றாள்.