மில்ட்ரெட் மாற்றிச் சொன்ன எபிசோட்

மில்ட்ரெட்டுக்குக் கோபம் வந்தால் முதலில் ஹிந்தி வரும். கொஞ்சம் ஏறினால் மராத்தி. இனித் தாங்காது என்ற கட்டத்தில்தான் தமிழ் வரும். பூனாவில் கட்கிப் பகுதியில் அவள் குடியிருந்த வீட்டு வரிசையில் எல்லோருக்கும் இது தெரியும். தண்ணீர் லாரிக்காரன் ஹிந்திவரை பார்த்திருக்கிறான். வீட்டுச் சொந்தக்காரர் மராத்திவரை. தமிழைக் கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை, கேட்டவர்கள் மறக்கவும் இல்லை.

அவளுடைய தாத்தா வேலூரிலிருந்து பட்டாளத்தோடு வந்தவர். மில்ட்ரெட் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் பூனாவில். கேம்ப் பகுதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் மூன்று மொழியில் மூன்று பேரை “ஒரு நிமிஷம்” என்று நிறுத்தி வைக்கத் தெரிந்தவள்.

அந்த வரிசையில் இன்னும் இரண்டு தமிழ் வீடுகள் இருந்தன. ஒன்று சாவித்ரியுடையது. அவள் கணவர் பத்ரிநாத் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறேழு மாதம். சாவித்ரிக்கு ஹிந்தி என்றால் காய்கறி விலைவரைக்கும்தான். இன்னொன்று ராஜியுடையது. நாங்குநேரிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. புருஷன் இசக்கிமுத்து ராணுவத் தொழிற்சாலையில் வெல்டர். ராஜிக்கு ஹிந்தி ஒரு சொல்கூடத் தெரியாது.

கேபிள்காரனிடம் தமிழ்ச் சேனல் கேட்டுப் பார்த்தார்கள். “மூணு வீட்டுக்காக மொட்டை மாடியில இன்னொரு டிஷ் குடை வைக்கணுமா மௌசி?” என்று சிரித்துவிட்டுப் போனான். ஆகவே ஏழு மணி ஹிந்தித் தொடர்தான் கதி. சாயங்காலம் ஏழடிக்கும் முன்பே சாவித்ரியும் ராஜியும் மில்ட்ரெட் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். டிவியில் ஆள் வாயைத் திறந்ததும் மில்ட்ரெட் தமிழில் சொல்ல ஆரம்பிப்பாள். மாமியார் பேசினால் மாமியார் குரல், வில்லி பேசினால் வில்லி குரல். விளம்பரம் வந்தால்தான் அவளுக்கு மூச்சு.

தொடரின் நாயகி பெயர் பூர்வா. அவள் புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். போவதற்கு முன் பூர்வாவை எல்லோர் முன்னாலும் அறைந்துவிட்டுப் போனான். அதன்பிறகு அவள் தையல் மெஷின் போட்டு, கடை வைத்து, பிள்ளையைப் படிக்க வைத்தாள். ஆறு மாதமாக இந்தக் கதைதான். கட்கியில் மூன்று பேர் பூர்வாவுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

2002 ஜனவரியில் அந்தக் குளிர் வந்தது. பூனாவில் குளிர் புதிதில்லை, ஆனால் இது வேறு மாதிரி. காலையில் குழாயைத் தொட்டால் விரல் மரத்தது. தேங்காய் எண்ணெய் சீசாவோடு கல்லானது. சாவித்ரி மடிசாரின் மேல் பத்ரிநாத்தின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, தலையில் குரங்குக் குல்லாயும் போட்டாள். மில்ட்ரெட் வாசற்படியில் சிக்டி அடுப்பில் கரியைப் போட்டுக் கனலவிட்டாள். கதவைப் பாதி திறந்து வைத்து, மூன்று பேரும் ஒரே ரஜாய்க்குள், பஞ்சு அடைத்த கனத்த போர்வைக்குள், காலை நீட்டிக்கொண்டு தொடர் பார்த்தார்கள்.

அந்த வாரம்தான் புருஷன் திரும்பி வந்தான்.

திங்கட்கிழமை வாசலில் நின்றான். செவ்வாய்க்கிழமை மாமியார், மாமனார், பூர்வாவின் சொந்த அண்ணன் என்று ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் புத்தி சொன்னார்கள். மில்ட்ரெட் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். புதன்கிழமை பூர்வா கதவுக்கு வந்தாள். கண்ணில் நீர். உதடு நடுங்கியது. புருஷன் தலையைக் குனிந்து நின்றான். கேமரா அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை. நீளமாகப் பேசினாள்.

“என்னக்கா சொல்லுதா?” என்று ராஜி மில்ட்ரெட்டின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

பூர்வா சொன்னது இது: தவறு என்னுடையது, உங்களை விட்டு இத்தனை நாள் வாழ்ந்ததே பாவம், என்னை மன்னித்து உள்ளே வாருங்கள்.

மில்ட்ரெட் ரஜாயைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அவளுக்கும் ஒருத்தன் இருந்தான், வால்டர் என்று. ஒரு குடிநாளில் அவன் விட்ட அறையில் இடது காது போயிற்று. ஹெட்போனை அவள் எப்போதும் வலது காதில்தான் மாட்டுவாள், ஏன் என்று ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. அப்போது பாதிரியார் வந்தார், மாமியார் வந்தாள், சொந்த அக்கா கரோலின் வந்தாள். எல்லோரும் இந்தச் செவ்வாய்க்கிழமை வசனத்தைத்தான் பேசினார்கள். மில்ட்ரெட் திரும்பிப் போனாள், மன்னிப்பும் கேட்டாள். அவன் சாகிறவரை அவனோடு இருந்தாள்.

“மில்ட்ரெட், சொல்லுங்கோளேன், முடிஞ்சுடப்போறது!” என்றாள் சாவித்ரி.

“இன்னா சொல்றாளா? இந்த வாசப்படியில இனிமே உன் செருப்புச் சத்தம் கேக்கக் கூடாதுன்றா. என் புள்ளைக்கு அப்பன் செத்துட்டான், ஜா, போய்க்கினே இருன்றா.”

ராஜி கை தட்டினாள். சாவித்ரி குல்லாயைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்பத்தான் எனக்கு வயிறு குளிர்ந்தது,” என்றாள். இரண்டு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். மில்ட்ரெட் டிவியை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையை ஹிந்தியில் திட்டினாள்.

மறுநாள் காலை அவள் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் இசக்கிமுத்து நின்றான். பனியனும் கைலியும், தோளில் யாரிடமோ வாங்கிய போர்வை. மூக்கு சிவந்திருந்தது.

“வெளிய வாங்கம்மா! எம் பொண்டாட்டி மண்டையில என்னத்த ஏத்திவிட்டிய?”

பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் துலக்குவதை நிறுத்தினார்கள். விஷயம் அவன் வாயாலேயே வந்தது. முந்தின நாள் வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். குழம்பு ஆறிப்போயிருந்தது. தட்டோடு தூக்கி ராஜி மேல் எறிந்தான். கை கழுவ வெளியே வந்தான். உள்ளே அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். தட்டியும் திறக்கவில்லை, கெஞ்சியும் திறக்கவில்லை. அந்தக் குளிரில் பனியனோடு அடுத்த வரிசையில் கூட வேலை செய்கிறவன் வீட்டுக்கு ஓடினான்.

“அங்க அவன் சம்சாரமும் அந்த நாடகத்தப் பாத்திருக்கா. அதுல அந்தப் பொம்பள மன்னிப்புல்லா கேட்டாளாம்! ராஜி என்னடான்னா, செருப்புச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு அவ சொன்னதா உள்ள இருந்து சொல்லுதா. பொய்யச் சொல்லி ஒரு குடும்பத்தக் கெடுத்திருக்கீங்களே, நல்லாயிருப்பியளா?”

சாவித்ரி அவள் வீட்டு வாசலில் பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

மில்ட்ரெட் ஹிந்தியையும் மராத்தியையும் தாண்டி நேரே தமிழுக்கு வந்தாள். “ஆமாய்யா, மாத்திதான் சொன்னேன். இன்னா இப்போ? சோத்துத் தட்ட அவ மேல எறியச் சொல்லி எந்த நாடகத்துல பாத்தே நீ? அதுக்கு யார் மொழிபெயர்த்தாங்க? ராத்திரி குளிருச்சா? நல்லா குளிரட்டும்! ஆறிப்போன கொழம்பு எப்படி இருக்கும்னு இப்பத் தெரிஞ்சுதா?”

வரிசையில் தமிழ் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள். இசக்கிமுத்து போர்வையை இழுத்துக்கொண்டு போனான். வாக்குவாதத்தில் வென்றாயிற்று என்று மில்ட்ரெட் பஸ் ஏறினாள்.

ஆனால் அன்று ஏழு மணிக்கு ராஜி வரவில்லை. சாவித்ரி வந்தாள், உட்காரவில்லை.

“அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்டாளா, இல்லையா?”

“கேட்டா.”

“அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லலை?”

“கேக்கவே நாராசமா இருந்திச்சு சாவித்ரியம்மா. வாயில வரலை.”

“வாயில வரலைன்னா வாயை மூடிண்டு இருந்திருக்கணும். ஆறு மாசமா பார்க்கறேன். எனக்கும் வயிறு எரியணுமோன்னோ? நீங்க ஒருத்தரே உக்காந்து எல்லாக் கோவத்தையும் பட்டுண்டு, எங்களைக் குழந்தை மாதிரி மிட்டாய் குடுத்து ஆத்துக்கு அனுப்பியிருக்கேள். நான் சந்தோஷமா தூங்கினேன் தெரியுமா? நினைச்சா வெக்கமா இருக்கு!”

சாவித்ரி ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தொடர் ஓடியது. புருஷன் ஹாலில் உட்கார்ந்து தேநீர் குடித்தான், பூர்வா அவன் காலணியை எடுத்து ஓரமாக வைத்தாள். மில்ட்ரெட் பார்க்க முடியாமல் எழுந்து போய்க் கரியைக் கிளறினாள்.

வெள்ளிக்கிழமை டியூட்டியில் இரண்டு இணைப்பைத் தப்பாகக் கொடுத்தாள். பிரசவ வார்டுக்குப் பேச வேண்டியவனைப் பிணவறைக்குப் போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் நேரே ராஜி வீட்டுக்குப் போனாள். இசக்கிமுத்து இன்னும் நண்பன் வீட்டில்தான் இருந்தான். ராஜி உள்ளே கூப்பிட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

“கோவமா கண்ணு?”

“பின்ன இருக்காதாக்கா?”

“அவன் தட்ட எறிஞ்சான். நீ கதவச் சாத்தினே. அதுல தப்பில்லை. நான்தான் சொல்றேனே.”

“தப்புன்னு நான் சொன்னனா?” ராஜி திரும்பினாள். இத்தனை நாள் ரஜாய்க்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பெண் இல்லை. “அவுக மொதல்லயும் எறிஞ்சிருக்காவ. எப்படியும் ஒரு நா சாத்தியிருப்பேன். நீங்க சொன்னதுக்காவ நான் சாத்தல. கொழம்பு என் கண்ணுல விழுந்துச்சு, அதுக்காவச் சாத்தினேன். இப்ப அவுக ஊரெல்லாம் என்ன சொல்லுதாவ தெரியுமா? எம் பொண்டாட்டி தங்கமானவ, அந்தக் கிழவி பொய் சொல்லி ஏத்திவிட்டான்னு. பாக்குறவங்கெல்லாம் என்னப் பாவம் மாதிரி பாக்குறாங்க. அது எங் கோவம்க்கா! என் வாழ்க்கையில மொதத்தடவ பட்ட கோவம். அத டிவி கோவம்னு ஆக்கிட்டியளே.”

மில்ட்ரெட்டின் கையில் டீ ஆறியது. இப்படி ஒரு விஷயம் அவளுக்குத் தோன்றவே இல்லை. தனக்கு ஒருத்தரும் செய்யாததை இந்தப் பெண்ணுக்குச் செய்துவிட்டதாகத்தான் இரண்டு நாளாக உள்ளுக்குள் ஒரு பெருமை. பாதிரியாரும் கரோலினும் அவள் வாயில் ஒரு வசனத்தைத் திணித்தார்கள். அவள் ராஜியின் காதில் வேறொன்றைத் திணித்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

“தப்புதான்,” என்றாள். “அரே, என்னைச் செருப்பால அடிக்கணும்.”

“அடிக்க வேண்டாம். இனிமே அவ என்ன சொல்லுதாளோ அதச் சொல்லுங்க. என்ன சொல்லியிருக்கணும்னு நான் பாத்துக்கிடுதேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கிமுத்து பையோடு வீட்டுக்கு வந்தான். ராஜி கதவைத் திறந்தாள், ஆனால் நிலையில் குறுக்கே நின்றாள். முதலில் மில்ட்ரெட் அக்கா வீட்டு வாசலில் போய், கதவைச் சாத்தியது யார் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றாள். அவன் கத்தினான். அவள் நகரவில்லை. வெயில் ஏறியும் குளிர் விடவில்லை, வரிசை முழுக்க வெளியில் நின்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அவன் மில்ட்ரெட் வாசலுக்கு வந்து தரையைப் பார்த்துக்கொண்டு, “கதவச் சாத்தினது ராஜிதான். நான் தட்ட எறிஞ்சதுக்குச் சாத்தினா. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல,” என்றான்.

“ஹிந்தியிலயும் சொல்லச் சொல்லுங்கக்கா,” என்று ராஜி அங்கிருந்தே கத்தினாள். “இங்க பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.”

அவன் ஹிந்தியிலும் சொன்னான். சொல்லும்போது முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. அவன் திருந்திவிட்டான் என்று மில்ட்ரெட் நினைக்கவில்லை. ராஜியும் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் தட்டு பறக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். சாவித்ரி ஒன்றும் நடக்காததுபோல் வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்தாள். திரையில் மாமியார், “மன்னிக்கத் தெரிந்தவள்தான் பெண்,” என்றாள். மில்ட்ரெட் ஒரு எழுத்தும் மாற்றாமல் சொன்னாள். பூர்வா, “கடையை மூடிவிடுகிறேன், வீடுதான் எனக்குக் கோயில்,” என்றாள். அதையும் சொன்னாள்.

“கடையை மூடப்போறாளா? யாரைக் கேட்டு மூடறா?” என்று சாவித்ரி எழுந்தே விட்டாள். “இந்தக் கட்டையில போறவனுக்கு டீ போட்டுத் தரவா ஆறு மாசம் மெஷினை மிதிச்சா?”

“எழுதினவன் கையில கொள்ளி வைக்க!” என்றாள் ராஜி.

மில்ட்ரெட்டும் சேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டும்வரை திட்டினார்கள். அப்படியும் ஆறவில்லை. மில்ட்ரெட் மறுநாள் தெரிந்த ஆபரேட்டர்களைப் பிடித்து மும்பையில் அந்தச் சேனல் அலுவலகத்தின் நம்பரை வாங்கிவந்தாள். மூன்று பேரும் பஜாரில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்கள். ஒருவர் நிற்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று ஸ்வெட்டர்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் எடுத்தது. மில்ட்ரெட் ஹிந்தியில் ஆரம்பித்து மராத்தியில் முடித்தாள். சாவித்ரி ரிசீவரைப் பிடுங்கித் தெரிந்த ஆங்கிலத்தில், “ஷேம்! ஷேம்!” என்றாள். பிறகு ராஜி கையை நீட்டினாள்.

“நீ சொல்லு, நான் ஹிந்தியில சொல்றேன்,” என்றாள் மில்ட்ரெட்.

“வேண்டாம்க்கா.”

ராஜி சால்வையை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டு, நாங்குநேரித் தமிழில், மூச்சு விடாமல் பேசினாள். கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டுப் பட்டு ஆவி படர்ந்தது. அந்தப் பக்கத்துப் பெண் நடுவில் இரண்டு தடவை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் வாயைத் திறக்காமல் கேட்டாள். பேசி முடித்ததும் ராஜியே போனை வைத்தாள்.

தொடரில் ஒன்றும் மாறவில்லை. பூர்வா கடையை மூடினாள், புருஷன் அடுத்த வருஷமே மறுபடியும் ஓடினான், மறுபடியும் வந்தான். இசக்கிமுத்துவுக்கு அம்பர்நாத் தொழிற்சாலைக்கு மாற்றல் வரும்வரை மூன்று பேரும் ஒரு நாள் விடாமல் அதைப் பார்த்தார்கள், வாய் வலிக்கத் திட்டினார்கள்.