நாணயச்சாலையில் அவர் சொன்னது

என் கணவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. பம்மலில் ஒரு சிறிய பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்புத் தகட்டில் வாஷர் வெட்டும் வேலை. பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் கை மாட்டிக்கொண்டது. அதோடு அந்த வேலை போயிற்று. இப்போது தாம்பரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன்.

பட்டறை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஓட்டை மிஷினை வைத்து ஓட்டினார், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நான் அவரைத் திட்டாத நாளில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவரை முகம் பார்க்காமல் திருப்பி அனுப்பினேன்.

போன வருடம் மகளைப் பார்க்க ஐதராபாத் போயிருந்தோம். அங்கே அரசாங்கத்தின் பழைய நாணயச்சாலையை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றிக் காட்டிய பெண் ஆங்கிலத்தில் சொல்ல, மகள் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். உலோகத்தை உருக்கி வார்த்து, உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்குவார்களாம். தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வெட்டி, உலையில் காய்ச்சி இளக்குவார்களாம். இளக்காவிட்டால் அச்சு சரியாகப் பதியாது. பிறகு கழுவி, உலர்த்தி, ஓரத்தைச் சற்று மேடாக்கி, மேலே ஒரு அச்சும் கீழே ஒரு அச்சுமாக ஒரே அடி. பூவும் தலையும் ஒன்றாகவே விழுந்துவிடும். இத்தனை வருடம் காசைக் கையில் வாங்கியும் இதை நான் யோசித்ததே இல்லை.

அச்சடிக்கும் பழைய பிரஸ் ஒன்றின் முன்னால் என் கணவர் நின்றுவிட்டார்.

"இதுல கை மாட்னவங்க யாராவது கீறாங்களான்னு கேளும்மா" என்றார் மகளிடம்.

அந்தப் பெண் தனக்குத் தெரியாது என்றாள். அவர் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"நம்ம பட்டறை மிஷின்ல ரெண்டு பட்டன் இருந்துச்சு" என்றார். "ரெண்டு கையாலயும் அமுக்கினாத்தான் அடிக்கும். கை உள்ள போவக்கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருந்தாங்க. நான்தான் ஒரு பட்டனைக் கயித்தால கட்டிட்டேன். வேலை சீக்கிரம் முடியட்டும்னு."

"பாய்க்குத் தெரியுமா?"

"அவர் அன்னிக்குப் பட்டறையிலயே இல்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ அவரைத் திட்டத் திட்ட எனக்கு ஆறுதலா இருந்துச்சு. அப்புறம் சொல்றதுக்கு தைரியம் வரல."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மகள் எங்களைப் பார்த்தபடி தூரத்திலேயே நின்றாள்.

ஊருக்கு வந்த மறுவாரம் தனியாக பாய் வீட்டுக்குப் போனேன். அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. நடந்ததைச் சொல்லி, மன்னிச்சிடுங்க என்றேன்.

"தெரியும்மா" என்றார். "மிஷினைக் கழுவும்போது நான்தான் அந்தக் கயித்த அறுத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, பாய்."

"கை போனவன் மேல பழியும் போடணுமா? அதோட, எத்தனையோ நாள் பசங்க கட்டி ஓட்றதப் பாத்துட்டு சும்மா இருந்தவன்தானே நான்."

உள்ளே இருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் கணவரிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர், பாய் தொழுகை முடிந்து வரும் நேரத்துக்குப் போய், பள்ளிவாசல் வாசலில் காத்து நின்றாராம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.