சிலோன் வீரரின் பூட்ஸ்

பத்து வருஷத்துக்கு முன் தாம்பரத்தில் எங்கள் சின்ன ஃபுட்பால் கிளப்புக்கு நான்தான் செக்ரட்டரி. யாழ்ப்பாணத்திலிருந்து செல்வம் என்ற பத்தொன்பது வயதுப் பையனை வரவழைத்து, "சிலோன் வீரர் ஆடுகிறார்" என்று நோட்டீஸ் அடித்தோம். எங்கள் பையன்கள் எல்லாரும் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். வெளிநாட்டு வீரர் பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்பது என் பிடிவாதம். பல்லாவரத்தில் பழைய ஜோடி ஒன்றை வாங்கி, வழுக்காமலிருக்க அடியில் தோல் துண்டுகள் வைத்து ஆணி அடித்துத் தரும்படி ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொன்னேன்.

முதல் மேட்ச் இடைவேளையில், "அண்ணை, வெறுங்காலோட விளையாடட்டே?" என்று கேட்டான்.

"வெறுங்கால்ல ஆட இங்கயே பத்து பேர் இருக்காங்க. உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தோம்?" என்றேன்.

அவன் குனிந்து லேஸை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டான். மூன்று மேட்சிலும் நொண்டி நொண்டித்தான் ஓடினான். "இன்னாபா, பொண்ணு பாக்கவா வந்துகீறே?" என்று கூட்டம் கத்தியது. "சோம்பேறி" என்று நானும் சேர்ந்து கத்தினேன். மறுநாளே போட் மெயில் ரயிலில் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். வழியனுப்ப ஒருவரும் போகவில்லை.

பூட்ஸைக் கழுவித் துடைத்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த ஆளுக்கு ஆகுமா என்று பார்க்க உள்ளே கையை விட்டேன். விரலில் சுருக்கென்று குத்தியது. இரண்டிலும் ஆணி முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. கழுவியும் போகாத ரத்தம் தோலில் ஊறிக் கறுத்திருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் பையன்களும் பூட்ஸ் போட்டுத்தான் ஆடுகிறார்கள்; ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் நானே கையை விட்டு அழுத்திப் பார்க்கிறேன். "எங்க செக்ரட்டரி சார் தங்கம்" என்கிறார்கள் பையன்கள். நான் இதுவரை மறுத்ததில்லை.