நட்டுக்கு இன்னும் ஒரு சுற்று

எங்கள் மர்பி டவுன் காம்பவுண்டின் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. முறுக்குகிற சாமான் எதைக் கண்டாலும் இன்னும் ஒரு சுற்று முறுக்கியே ஆகவேண்டும். தண்ணீர்க் குழாய், குக்கர் கைப்பிடி, ஊறுகாய் பாட்டில் மூடி எதுவும் தப்பாது. பிறகு அந்த மூடியைத் திறக்கப் போராடுவது மட்டும் பெண்கள் வேலை.

போன ஆயுதபூஜைக்கு முந்தின நாள் இந்த வியாதி என் காரின் பின்சக்கரத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிற சம்பளத்தில் நான் வாங்கிய பழைய கார் அது. ஓட்டுவதும் நான்தான். என் கணவர் ஓட்டமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை மட்டும் மிதிப்பார். பூஜைக்காகச் சக்கரங்களைக் கழற்றிக் கழுவி, திரும்ப மாட்டி, நட்டுகளை முறுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். மாடி வீட்டு அங்கிள் இறங்கி வந்தார்.

"நம்ம ரோட்டுக்கு இது பத்தாது தம்பி. இன்னும் ஒரு சுத்து போடு."

கணவர் போட்டார். அங்கிள் தன் பங்குக்கு ஒன்று போட்டார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்தார். ஊரில் உள்ள குழிகளின் மேல் இருந்த கோபம் முழுவதும் என் நட்டுகளின் மேல் இறங்கியது. டக்கென்று ஒரு சத்தம். ஆட்டோக்காரர் தரையில் கிடந்தார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த நட்டில் ஏறினார். மறுபடியும் டக். நட்டு ஏறி உட்கார்ந்து சக்கரத்தைத் தாங்குகிற நான்கு ஸ்டட் ஆணிகளில் இரண்டு நட்டோடு துண்டாகி விழுந்தன.

"பாத்தியா, பீஸே மட்டம்," என்றார் அங்கிள். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷன் முடிந்து அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். விஜயதசமி காலையில் டிஸ்சார்ஜ். ஜீவனஹள்ளியில் அவள் வீட்டுப் படிகளை இப்போதைக்கு ஏற முடியாது என்பதால், முதல்முறையாக என் வீட்டில் வந்து தங்கச் சம்மதித்திருந்தாள். "வாடகை வண்டி எதுக்கு? என் பொண்ணே காரு ஓட்டினு வருவா," என்று நர்ஸ் முதல் பக்கத்துப் படுக்கைக்காரி வரை எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பேச்சைப் பொய்யாக்க எனக்கு மனசே இல்லை.

மறுநாள் காலையில் காக்ஸ் டவுன் மெக்கானிக்கிடம் ஓடினேன். கடைக்கு மாலை போட்டிருந்தார்.

"டூல்ஸெல்லாம் பூஜைல கீது மேடம். இன்னிக்குத் தொடக்கூடாது. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வாங்க," என்று கையில் பொரி பொட்டலம் கொடுத்து அனுப்பினார். பாதி ஷட்டர் திறந்திருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது ஸ்டட்டும் நட்டும் கிடைத்தன. அங்கேயும் பொரி கொடுத்தார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். ஜாக்கி, சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன்னால் வீற்றிருந்தன. நேற்று முறுக்கித் தள்ளியவர்கள் இன்று பக்தியோடு கை கட்டி நின்றார்கள்.

"இன்னிக்கு எடுத்தா தோஷம்," என்றார் கணவர்.

"சாமிக்கு எங்கம்மா முட்டி தெரியும்," என்று சொல்லி, ஸ்பேனரின் மேலிருந்த செவ்வந்தியை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன்.

போனில் வீடியோ பார்த்துத்தான் செய்தேன். போனுக்குக் குங்குமம் வைக்கவில்லை என்பதால் அதைப் பிடித்துக்கொள்ள மட்டும் கணவர் சம்மதித்தார். முன்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே இருந்த பிரேக் டிரம் அசையவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்காமல் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இறக்கியதும் சமர்த்தாக வந்தது. உடைந்த ஸ்டட்டை முன்பக்கமிருந்து சுத்தியலால் தட்டினேன்.

"பாத்து மேடம், மெதுவா," என்றார் ஸ்பேனர் மேல் குதித்த ஆட்டோக்காரர்.

பழையவை பின்பக்கம் விழுந்தன. புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து துளையில் நுழைத்து, முன்னால் வாஷர்களை அடுக்கி, நட்டைத் திருப்பிப் போட்டு முறுக்க முறுக்க, அது இழுபட்டு வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டி, நட்டுகளை எதிரெதிராகக் கை பலத்துக்கு மட்டும் முறுக்கி நிறுத்திக்கொண்டேன். மூன்று ஆண்களின் கையும் துடித்தது. ஆனால் பூஜையாயிற்றே! இந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவானை மனதாரக் கும்பிட்டேன். விடிந்தால் தடை நீங்கிவிடும் என்பதால், மறுநாள் காலை ஸ்பேனரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

வார்டே வேடிக்கை பார்க்க, அம்மா பின்சீட்டில் காலை நீட்டி மகாராணியாக உட்கார்ந்தாள். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். அல்சூர் தாண்டும்போது, சக்கரத்தை நானே ரிப்பேர் செய்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு குழியிலும் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயா மாட்டுன?"

"நான்தாம்மா."

"ஏன், மாப்ள ஊர்ல இல்லையா?"

காம்பவுண்ட் வாசலில் மூவரும் காத்திருந்தார்கள். வண்டி நின்றதும் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"மாப்ள, அந்த நட்ட ஒரு வாட்டி டைட் பண்ணிடுங்க. இவ மாட்டுனது. வழியெல்லாம் எனக்கு உசுரே இல்ல."

பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கணவரிடம் நீட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக ஸ்பேனரைப் போட்டு ஒரு கையால் அசைத்துப் பார்த்தார். எதுவும் நகரவில்லை.

"போடு தம்பி, இன்னும் ஒரு சுத்து," என்றார் அங்கிள்.

கணவர் எழுந்து ஸ்பேனரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போதும் அங்கிள். அவ கரெக்டாதான் போட்டுக்கீறா."

அந்தக் காம்பவுண்டில் ஒரு ஆண் நட்டைப் பார்த்து 'போதும்' என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாவும் நிம்மதியாக மூச்சு விட்டு, என் தோளைப் பிடித்து மெல்லக் காலை இறக்கினாள்.

"மாப்ள கை வச்சுட்டாரு. இனிமே பயமில்ல," என்றாள்.