தண்ணீர் பாட்டிலில் தின்னர்

2005 சித்திரை, அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம். பெயிண்ட் அடித்து மிஞ்சிய தின்னரை என் கொழுந்தன் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார். தெரியாமல் அதை நாங்கள் வேலை செய்யும் மரக்காணம் உப்பளத்துக்கு எடுத்துவந்த என் கணவர், தாகத்தில் ஒரு மிடறு விழுங்கிவிட்டார்; நெடியில்தான் தின்னர் என்று தெரிந்தது.

மேஸ்திரி பாத்தியிலிருந்து உப்புநீரை மொண்டு வந்தார். "இத குடிச்சா வாந்தியில எல்லாம் வெளிய வந்துடும். நகரும்மா."

தின்னர் டப்பாவில் போட்டிருந்த எச்சரிக்கையை நான் படித்திருந்தேன். குறுக்கே நின்றேன். "வாந்தி எடுத்தா தின்னர் நுரையீரல்ல போயிடும். குடுக்க விடமாட்டேன்."

"படிச்ச திமிரு."

"ஆமாங்க, திமிருதான். ஆட்டோவ கூப்பிடுங்க."

வாந்தி எடுக்க வைக்காததே நல்லது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

இப்போது தின்னர் அதன் டப்பாவிலேயே, மூடி இறுக்கி, அடுப்புக்கு எட்டத்தில் பூட்டியிருக்கிறது. கொழுந்தனுக்குக் காலி பாட்டில் தருவதில்லை. மேஸ்திரி இன்னும் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார். சொல்லட்டும். அதைக் கேட்டுச் சிரிக்க என் கணவர் இருக்கிறார்.